எல்லாத்துக்கும் டிக் போடு

மாதா மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. ஷைனி தன் மனசுக்குள் நினைத்ததைக்கூட நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின சாயங்காலம், திண்டுக்கல்லில் பாஸ்கல் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த ஷைனிக்கு முதலில் தப்பாகப் பட்டது வாசனைதான். கடைக்குள் ஒரு மெழுகுவர்த்தியும் ஏற்றவில்லை. ஆனாலும் யாரோ இப்போதுதான் ஊதி அணைத்துவிட்டு நகர்ந்த மாதிரி திரிப்புகை நெடி, அதற்கு அடியில் புதுசாகக் கிளறின ஈரமண்ணின் நெடி. வெளியே மழை. சாரல் அடிக்குமென்று ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டு, நிலக்கோட்டை வேனில் வரும் மல்லிகையை எடுத்துவர பாஸ்கல் போயிருந்தார்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் ஆன்லைனில் ஆர்டர் போட்டால், இங்கே அவர்கள் வீட்டுக் கல்லறையில் பூவும் மெழுகுவர்த்தியும் வைத்து போட்டோ அனுப்புவது அவர் வியாபாரம். அந்த ஆன்லைன் கடையோடு புது சாஃப்ட்வேரை இணைக்கத்தான் ஷைனி வந்திருந்தாள். இணைக்கப் போனால் ஒவ்வொரு தடவையும் அதே சிவப்பு வரி: 'அனுமதி இல்லை.'

தெரிந்த கோளாறுதான். சாஃப்ட்வேருக்கு ஆர்டரைப் பார்க்க மட்டும் உரிமை கொடுத்திருந்தது, மாற்ற உரிமை இல்லை. எதையெல்லாம் திறந்துவிடலாம் என்று பாஸ்கலுக்குப் போன் போட்டுக் கேட்டாள்.

"எல்லாத்துக்கும் டிக் போட்டு விடு தாயி. நல்ல நாள் அதுவுமா யாருக்கும் இல்லைன்னு சொல்ல வேணாம்."

போட்டாள். 'வாடிக்கையாளர்கள் தாங்களே ஆர்டர் போடலாம்' என்ற கட்டத்திலும் போட்டாள். சிவப்பு வரி போய்விட்டது.

அப்புறம்தான் வாடிக்கையாளர் பெயர்களைக் கவனித்தாள். சர்ச்சில் பூசைக்குக் காசு கொடுக்கும்போது இறந்தவர் பெயரைத்தானே சொல்லுவோம்; பாஸ்கல் அதே பழக்கத்தில், பணம் கட்டின பிள்ளைகளை விட்டுவிட்டு இறந்தவர்களையே வாடிக்கையாளராகப் பதிந்து வைத்திருந்தார். விலாசம் எல்லாருக்கும் ஒன்றுதான், கல்லறைத் தோட்டம். அவளுடைய அப்பா பிராங்கிளின் பெயரும் இருந்தது. அம்மா வியாகுலம்மாள் கொடுத்திருப்பாள். முழங்கால் வலியோடு இப்போது வீட்டில் தனியாக இருக்கிற அம்மா. ஷைனிக்கு அவளை விட்டால் வேறு ஆள் இல்லை.

கம்ப்யூட்டர் டிங் என்றது. புது ஆர்டர்.

ஒரு டம்ளர் வெந்நீர்.

யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தாள். மறுபடியும் டிங். கம்பளி. டிங். கம்பளி, கனமானது. கடையில் இல்லாத சரக்கெல்லாம், மழையில் நனைகிறவர்கள் கேட்கிற சரக்கெல்லாம், கல்லறைத் தோட்டத்து விலாசத்திலிருந்து வந்து விழுந்துகொண்டே இருந்தது; திரிப்புகை நெடி அவள் பிடரிக்குப் பின்னால் வந்து நின்றது.

டிங். பிராங்கிளின்.

சரக்கு: வியாகுலம்மாள். எண்ணிக்கை: ஒன்று.

ரத்து செய்யப் போனாள். அனுமதி இல்லை. போட்ட டிக்கை எடுக்கப் போனாள். அனுமதி இல்லை. கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கினாள். திரை அணையவில்லை.

அம்மாவுக்குப் போன் போட்டாள். அம்மா சாவகாசமாகப் பேசினாள். வெஞ்சனம் அடுப்பில் இருக்கிறதாம். வாசலில் யாரோ நனைந்துகொண்டு நிற்கிறார்களாம்.

"திறக்காதம்மா."

"அவுகதான் ஷைனி. கூப்பிட வந்திருக்காக."

"அம்மா, அப்பா செத்துட்டாரும்மா."

"அதுக்கு? மழையில நிக்க வைக்கவா முடியும்? செத்த இரு, வாரேன்."

தாழ்ப்பாள் சத்தம். பிறகு மழைச் சத்தம் மட்டும்.

டிங். ஒப்படைக்கப்பட்டது.

கீழே போட்டோ. அப்பா கல்லறை. நைட்டியோடு அம்மா. இடுப்பு வரைக்கும் மண்ணுக்குள். நட்டு வைத்த மாதிரி. தலையில் மல்லிகை. போட்டோ எடுத்தவரைப் பார்த்துச் சிரித்தபடி.

டிங். புது வாடிக்கையாளர்: வியாகுலம்மாள்.

சரக்கு: ஷைனி.

அவள் திரும்பினாள். ஷட்டருக்குக் கீழே இரண்டு கால். வெறுங்கால். கணுக்கால் வரை செம்மண். மெட்டி. வலது முழங்கால் மெல்ல மடங்கியது, வலிக்கு இதமாக. குனிகிறாள். ஷட்டருக்கு அடியில் முதலில் மல்லிகை தெரிந்தது.

ஷைனியின் அப்பா பிராங்கிளின் உயிரோடு நல்லாத்தான் இருக்கிறார்; நேற்று மத்தியானம்கூட என் பக்கத்தில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டார்.