கல்யாணத்துக்கு நான்கு மழை முன்பு

அம்மாவின் ட்ரம்ஸ் செட்டுக்கு வயது பார்க்க ஜெசிந்தா ரோச் வந்தபோது, கோமதிநாயகத்தின் கடையில் ஒரு தேக்குக் கட்டில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. கட்டில் எங்கே கொட்டாவி விடும்? என்றைக்கோ அதில் படுத்திருந்த யாரோ விட்டது. அதைக் காலச்செவி என்ற யந்திரம் மரத்திலிருந்து எடுத்து மெல்லக் கேட்கச் செய்துகொண்டிருந்தது. தூத்துக்குடியில் இப்போது இதற்கெல்லாம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

உப்பளப் பாத்தியில் உப்பு இறங்குவதைப் போல, பக்கத்தில் எழும் ஒலியெல்லாம் மரத்தின் நரம்புகளில் படிந்துகொண்டே வரும். மழைக்காலந்தோறும் மரம் ஈரத்தில் ஊதிச் சுருங்குவதால் நடுநடுவே ஒரு கோடு விழும். காலச்செவி மெல்லிய அதிர்வு ஒன்றை உள்ளே அனுப்பி, அந்த ஒலிப்படிவுகளைக் கேட்டபடியே மழைக்கோடுகளையும் எண்ணிவிடும். கேட்டதைப் பதிவு செய்து வைப்பதில் பயனில்லை. நகல்களெல்லாம் பொய் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்ட காலம் அது. மரத்திலிருந்து நேரே காதுக்கு வந்தால்தான் ஊர் நம்பும். ஆகவே குடும்பம் மொத்தமும் கூடிய பிறகு, தட்டு நிறைய மக்ரூன் வைத்து, எல்லாரும் கேட்க வயது சொல்வதுதான் வழக்கம். பெண் பார்க்கும் சடங்கெல்லாம் அதனிடம் பிச்சை வாங்க வேண்டும்.

ஜெசிந்தாவின் அம்மா பிலோமி, கல்யாணத்துக்கு முன்னால் துறைமுக கிளப்பில் ட்ரம்ஸ் வாசித்ததாகச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பாவோ, கல்யாணம் ஆன பிறகு ஏதோ கப்பல்காரன் விட்டுப்போன சாமானை ஈரத்துணி காயப்போட வாங்கிவந்தது என்பார். "நான் வாசிச்சேன்" என்பாள் அம்மா. அப்பா சிரிப்பார். ஜெசிந்தாவும் அண்ணன் சிரிலும் அப்பாவோடு சேர்ந்துகொள்வார்கள். அம்மா துணியை உதறி, பேஸ் ட்ரம்மின் மேல் விரிப்பாள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு, அந்தச் சிரிப்பை இனி யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்பதுதான் ஜெசிந்தாவின் துக்கம்.

சிரில் நடுக்கடலில் மிதக்கும் காற்றாலை நகரில் வேலையாக இருந்தான். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தான். அதற்குள் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாமே என்றாள் ஜெசிந்தா. கேட்பதால் மரத்துக்கு ஒரு குறையும் வராது என்று காலச்செவியைச் செய்தவர்கள் அடித்துச் சொல்லியிருந்தார்கள். கோமதிநாயகம் பேஸ் ட்ரம்மின் மரவளையத்தில் செவிக்கிண்ணத்தைப் பொருத்தினார்.

முதலில் துணி சொட்டும் சத்தம், வருஷக்கணக்கில். அம்மாவின் கல்யாண வருஷத்து மழைக்கோடு கடந்தது. அதற்கும் கீழே மூன்று கோடுகள், நான்காவது கோடு. எங்கோ கப்பல் ஒன்று ஊதியது. நாற்காலிகள் நகர்ந்தன. பிறகு ஒரு பெண்குரல், சிரிப்பை அடக்கிக்கொண்டு எண்ணியது: "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு." நாலு மட்டும் கொஞ்சம் அவசரமாக வந்தது. அடுத்த நொடி கடை முழுக்கத் தாளம் நிறைந்தது.

ஜெசிந்தா அழுதாள். வெளியே உப்பளங்கள் வெயிலில் வெளுத்துக் கிடந்தன. அந்த வெளிச்சத்தில் இருபது வயதுக்காரி ஒருத்தி காலைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகவே அவளுக்குத் தோன்றியது.

"இன்னொரு தடவ வைங்க அண்ணாச்சி."

மறுநாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். மதியம் கடையில் ஈயாடாத நேரத்தில் இருவரும் கண்ணை மூடிக் கேட்டார்கள். கோமதிநாயகத்துக்கும் அது பழகிப்போயிற்று. மற்ற வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டு அவள் வரும் வழியைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை குரல் சற்று மெலிந்து கேட்டபோது, கிண்ணத்தில் தூசி அடைத்திருக்கும் என்று துடைத்தார். சனிக்கிழமை கேட்டது குரலா, தன் ஆசையா என்று அவளுக்கே தெரியவில்லை. அதனால் மறுபடி வைக்கச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை சிரில் மக்ரூன் பெட்டியோடு வந்தான். வழக்கப்படி எல்லாரும் உட்கார்ந்தார்கள். காலச்செவி உள்ளே போயிற்று. கப்பல் ஊதவில்லை, நாற்காலி நகரவில்லை. ஒரு மழைக்கோடுகூட இல்லை. நெடுநேரம் கழித்து, அடியாழத்திலிருந்து ஒரு பெண்குரல் தெளிவாக வந்தது: "இன்னொரு தடவ வைங்க அண்ணாச்சி." அதன்மேல் அதே குரல், அதே வார்த்தை, மறுபடியும் மறுபடியும். வயது: ஒரு வாரத்துக்கும் குறைவு.

கோமதிநாயகத்துக்கு அப்போதுதான் உறைத்தது. உள்ளே அனுப்பும் அதிர்வும் ஒலிதானே. பாத்தியில் எவ்வளவு உப்பு இருக்கிறதென்று பார்க்க நல்ல தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள், அதுவும் உப்பளத்துக்காரர்கள். ஊரில் ஆசை ஆசையாகப் போற்றப்பட்ட பொருள்களெல்லாம் ஏன் இளசாகவே வயது காட்டின, யாரும் சீண்டாத தாலுகா கச்சேரி பெஞ்சு மட்டும் ஏன் கிழடாக இருந்தது என்பது அவருக்கு விளங்கியது. அதிகம் கேட்கப்பட்டதுதான் அதிகம் கரைந்திருந்தது. அவர் நடந்ததை எடுத்துச் சொன்னார். யந்திரம் சொல்லாததைக் கடைக்காரர் சொன்னால் யார் கேட்பார்கள்?

சிரில் கெட்டவனில்லை. தங்கையின் தலையைத் தடவிக்கொடுத்தான். "விடு பிள்ள, அம்மைக்கு எப்பவும் கத சொல்லப் பிடிக்கும்" என்று சொல்லி, அப்பாவைப் போலவே சிரித்தான்.

"நான் கேட்டேண்ணே" என்றாள் ஜெசிந்தா.

சொன்ன பிறகுதான் அந்தத் தொனி யாருடையது என்பது அவளுக்குப் புரிந்தது. இத்தனை வருஷமும் அம்மா இந்த இடத்தில்தான் நின்றிருக்கிறாள். நம்பாதவர்கள் எல்லாரும் அன்பானவர்கள் என்பதுதான் அங்கே நிற்பதன் கஷ்டம்.

அவள் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். குச்சிகளை எடுத்தாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு." நாலு கொஞ்சம் அவசரமாக வந்தது. வாழ்நாளில் ட்ரம்ஸைத் தொட்டிராதவள், ஒரு வாரம் கேட்ட அந்தத் தாளத்தைத் தட்டுத்தடுமாறி, ஆனால் மாற்றாமல் வாசித்தாள். சிரிலின் கையில் மக்ரூன் உடைந்தது.

"இத எங்கட்டி படிச்ச?"

"அம்மைட்ட."

சிரில் வாயைப் பொத்திக்கொண்டு மறுபடி சிரித்தான்; இந்த முறை அப்பாவைப் போல அல்ல. அந்தச் சிரிப்பும் தாளத்தோடு சேர்ந்து மரத்தில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. கோமதிநாயகம் கிண்ணத்தைக் கழற்றி, காலச்செவியை அணைத்தார். அதன்பின் அந்த ட்ரம்ஸுக்கு என்ன வயது என்று யார் கேட்டாலும், வாசித்துக் காட்டுவார்களே தவிர, காலச்செவி வைத்துக் கேட்க விடுவதில்லை.