ஏழு பாகத் தண்ணீர்

அன்று மூன்றாம் முறை குண்டை மேலே இழுத்தபோது அதன் அடியில் மணல் இல்லை, நூல் இருந்தது.

ஆழம் பார்க்கிற ஈயக்குண்டின் அடியில் ஒரு சின்னக் குழி உண்டு. அதில் மாட்டுக்கொழுப்பை அப்பிக் கடலில் விட்டால், அடித்தரை மணலா சேறா என்பது கொழுப்பில் ஒட்டிக்கொண்டு மேலே வந்துவிடும். இரண்டு நாளாகச் சாம்பல் நிற மணல்தான் வந்துகொண்டிருந்தது. இப்போது வந்ததோ அரை விரல் நீள நூல். கிட்டோ அதை நகத்தால் பிய்த்து மோந்து பார்த்தான். தேன்மெழுகும் தாரும் கலந்த வாசனை. அவன் விரல்களிலேயே ஊறிப்போன வாசனைதான், ஏனென்றால் அந்தக் கப்பலில் பாய் தைக்கிறவன் அவன். அறுபது பேர் மட்டுமே இருக்கிற சின்னப் போர்க்கப்பலில் ஒருவனுக்கு ஒரு வேலை என்று சொகுசாக இருக்க முடியுமா என்ன. ஆழம் பார்ப்பதும் அவன் தலையில்தான் விழுந்திருந்தது.

நூலைக் கடலில் சுண்டிவிட்டு, "ஏழு பாகம்" என்று நீட்டிக் குரல் கொடுத்தான். இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்.

அடிமைக் கப்பல்களை மறிப்பதற்காக அந்த ஆப்பிரிக்க ஆற்று முகத்துவாரத்துக்கு வந்து நங்கூரம் போட்டவர்களை மூடுபனி பிடித்துக்கொண்டது. நடுப்பகலிலும் பாய்மரத்தின் பாதிக்கு மேல் தெரியவில்லை. ஈரக் கயிறுகளிலிருந்து சொட்டுகிற தண்ணீரும், கப்பலின் அடிவயிற்றிலிருந்து வருகிற அழுகல் நாற்றமும், சதுப்புக்காட்டுச் சேற்று வீச்சமும், எங்கோ ஒரு மரம் இன்னொரு மரத்தோடு உரசி முனகுகிற சத்தமும் தவிர உலகத்தில் வேறு எதுவும் மிச்சமில்லை என்று தோன்றியது. கப்பல் நங்கூரத்தை இழுத்துக்கொண்டு மணல்திட்டின் பக்கம் நகர்ந்துவிடக் கூடாதே என்றுதான் ஓயாமல் ஆழம் பார்க்கச் சொல்லியிருந்தார்கள்.

அடுத்த வீச்சில் குண்டு ஆறு பாகத்திலேயே நின்றது.

கொழுப்பில் பாய்த்துணியின் நார்கள். உள்ளேயிருந்து பிய்த்தெடுத்த மாதிரி சுருண்டுகிடந்தன.

முந்தாநாள் அவன் ஓபட்டைத் தைத்தது மேல்தளத்தின் இதே ஓரத்தில்தான். ஒரே தட்டில் மூன்று வருஷம் சாப்பிட்ட சேக்காளி. கேப்டன் ஹால்ஸ்டெட்டை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதற்கு முப்பத்தாறு சவுக்கடி வாங்கி, முதுகு சீழ் பிடித்து, காய்ச்சலில் கிடந்து, காலையில் அசைவில்லாமல் போனவன். செத்தவனை அவனுடைய தூக்குப்படுக்கையிலேயே வைத்துத் தைத்து, காலடியில் இரண்டு பீரங்கிக் குண்டு கட்டி, கடைசித் தையலை மூக்கு வழியாகக் குத்தி எடுப்பது கடல்காரர்களின் வழக்கம். உயிர் இருந்தால் துடிப்பான், ரத்தம் வரும்.

கிட்டோ ஊசியை மூக்கருகே கொண்டுபோனான். உதட்டின் மேல் கிடந்த துணி கொஞ்சம் உள்ளே அமுங்கிய மாதிரி இருந்தது. உடம்பிலும் சூடு இருந்தது. காய்ச்சல் சூடு இன்னும் ஆறவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

"இன்னும் முடியலையா? காய்ச்சக்காரனக் கப்பல்ல வச்சுக் கொஞ்சிட்டு இருக்கியா?" என்று பின்னால் நின்ற கேப்டன் கேட்டார்.

ரத்தம் வந்தால் கேப்டனிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்த முதுகு தன்னுடையது. தெரிந்துகொள்ளப் பயந்துபோய் ஊசியைத் திருப்பி வெறும் துணியில் குத்தி முடிச்சுப் போட்டான் பாவி. ஆழக்கடலுக்குக் கொண்டுபோகக்கூடப் பொறுமை இல்லாமல் அங்கேயே தள்ளிவிட்டார்கள்.

"அஞ்சு பாகம்." அவன் குரல் அவனுக்கே பிடிபடவில்லை.

மேல்தளத்தில் காலடி ஓடியது. கேப்டன் வந்து, மறுபக்கம் இன்னொரு குண்டைப் போடும்படி மாலுமி பாஸ்கோவிடம் சொன்னார். பாஸ்கோ போட்டான். "ஏழு, ஐயா. சுத்தமான மணல்."

"கேட்டியா கிட்டோ? உன் பக்கம் மட்டும் கடல் வத்திப் போச்சோ?"

"குண்டு தரைக்குப் போகலை ஐயா. எது மேலயோ உக்காருது."

"எது மேல?"

சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தான்கூட. சொன்னால் உயிரோடு ஒருவனைத் தைத்துக் கடலில் போட்டவன் ஆகிவிடுவான், தூக்குக் கயிறுதான். "தெரியலை ஐயா" என்றான்.

ஆழம் பார்க்கிறவன் கப்பலின் வெளிப்பக்கப் பலகையில், தண்ணீருக்கு ஓர் ஆள் உயரத்துக்கு மேல், மார்பில் கட்டிய பட்டையில் சாய்ந்து நிற்பான். கேப்டன் அந்தப் பட்டையின் முடிச்சைக் கை எட்டாமல் முதுகுப் பக்கம் போடச் சொன்னார்.

"ஏழுன்னு வர்ற வரைக்கும் இங்கயே நில்லு. பொழுது சாஞ்சாலும் சரி."

முடிச்சுப் போட வந்த பாஸ்கோ காதருகே குனிந்தான். "ஏழுன்னு சொல்லித் தொலையேன்டா. உனக்கு ஏன் இந்த வேலை?"

"பாஸ்கோ, கொழுப்புல பாரு."

பாஸ்கோ பார்த்தான். கொழுப்பில் ஒரு நகம் முழுதாகப் பதிந்திருந்தது. முடிச்சை இன்னும் இறுக்கிவிட்டுப் போய்விட்டான்.

கிட்டோ மறுபடி வீசினான். நாலு பாகம். "ஏழு" என்று கத்தினான்.

"இப்ப மட்டும் எப்படி வருது பார்" என்று மேலே கேப்டன் சிரித்தார். "அப்படியே பாடிட்டு இரு." காலடிகள் விலகின. பட்டையை அவிழ்க்க யாரும் வரவில்லை.

மூன்று பாகம். கொழுப்பில் இப்போது எதுவும் ஒட்டவில்லை. ஒரு பள்ளம் மட்டும் இருந்தது, சுற்றிலும் பல்வரிசை பதிந்த பள்ளம்.

"ஏழு."

குண்டைப் போடாமல் நின்றால் மேலேயிருந்து அதட்டல் வந்தது. போட்டான்.

இரண்டு.

"ஏழு."

முதுகுப்பக்கம் கையை வளைத்து முடிச்சைத் தேடினான். எட்டவில்லை. "பாஸ்கோ" என்று கூப்பிட்டான். பனி அந்தப் பெயரை விழுங்கிக்கொண்டது. காற்றில் தேன்மெழுகு வாசனை.

ஒன்று.

மறுபடி போட்டதும் கயிறு தொய்ந்தது. குண்டு ஆழத்துக்குப் போகவில்லை. தண்ணீருக்கு ஒரு சாண் கீழே யாரோ இரண்டு கையாலும் ஏந்திக்கொண்ட மாதிரி நின்றது.

பிறகு கயிறு மெல்ல இறுகியது. கீழேயிருந்து. ஈரக் கயிறு அவன் மணிக்கட்டில் சுற்றியிருந்தது. பட்டை மார்பில் அழுந்தியது. பலகையில் கால் வழுக்கியது.

"ஏழு" என்றான். வெறும் காற்றுதான் வந்தது.

குனிந்து பார்த்தான்.

குமிழி. ஒன்று. நிதானமாக இன்னொன்று. பாய்த்துணியின் கிழிசலுக்குள் ஓபட்டின் வாய் திறந்து திறந்து மூடியது. அவன் இன்னும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தான். நகங்கள் போன ஒரு கை கயிற்றைப் பிடித்திருந்தது. மற்றக் கை துணியின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்திருந்தது, குளிரில் வந்து நிற்பவனுக்குப் போர்வையை விலக்கி இடம் கொடுப்பதைப் போல.