பதினேழாம் எண்

ஜெயம் வந்து நின்றபோது சக்கரபாணி மல்லாட்டை உரித்துக் கடலையை வாயில் போட்டுக்கொண்டிருந்தார். பேருந்துகளில் முப்பது வருடம் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்டக்டர் தாண்டவராயனுக்கு அன்று வார விடுமுறை; அவனும் பக்கத்தில் இருந்தான். சக்கரபாணியிடம் யாராவது பிரச்சினையோடு வந்தால் கூடவே கிளம்பிவிடுவான். துப்பு துலக்குவதில் தனக்கும் சரிபாதி பங்குண்டு என்பது அவன் எண்ணம்.

"என் வூட்டுக்காரரு ஆரோக்கியராஜோட போட்டைப் புடிச்சி வச்சிக்கினாங்க சார். ஒரு பையனைத் திட்டுலயே வுட்டுட்டு வந்துட்டாருன்னு கேஸு. லைசென்ஸ் போச்சின்னா எங்க பொழப்பே போச்சி."

விஷயம் இதுதான். போன சனிக்கிழமை திண்டிவனத்துக் கல்லூரி ஒன்றின் தாவரவியல் மாணவர்கள் முப்பது பேர், மரக்காணம் பக்கத்துக் கரட்டுத்திட்டுக்கு ஆரோக்கியராஜின் படகில் போனார்கள். முள்ளும் பாறையுமான தீவு. திரும்பிக் கரையேறியபோது பூவரசன் என்ற மாணவனைக் காணோம். பாறை இடுக்கில் கால் முறிந்து கிடந்தவனை மாலையில் மீனவர்கள் தூக்கி வந்தார்கள். இப்போது விழுப்புரம் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். எதைக் கேட்டாலும் ஞாபகமில்லை என்கிறான்.

தீவிலிருந்து புறப்படுமுன் பேராசிரியர் விருத்தாசலம் படகிலேயே அட்டெண்டன்ஸ் எடுத்தார். முப்பது எண்ணுக்கும் பதில் வந்தது. பிறகு இன்ஜினில் பாசி சிக்கிப் படகு பத்து நிமிடம் பாறையோரம் நின்றது. அப்போது பையனை இறங்கவிட்டுப் படகுக்காரர் கிளம்பிவிட்டார் என்பது பேராசிரியரின் புகார்.

"பையன் யாருக்கும் தெரியாம எறங்கியிருப்பான் சார்," என்றான் தாண்டவராயன்.

"அத்தினி பேருல ஒருத்தர் கூடவா பாக்கல? அவன் உன் பஸ்ஸுலதானே வர்றான்?"

"ஆமா சார், பெருமுக்கல் பையன். தெனமும் எட்டரை வண்டி. வெள்ளிக்கிழமை மட்டும் கொல்லியில பயிருக்குத் தண்ணி கட்டிட்டுப் பத்தரை வண்டியில வருவான்."

மூவரும் கல்லூரிக்குப் போனார்கள். சக்கரபாணி வகுப்பின் வருகைப் பதிவேட்டை வாங்கி, வெள்ளிக்கிழமைகளை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். தாண்டவராயனுக்கு மண்டை காய்ந்தது.

"டிக்கெட் எடுக்காதவனை எப்பிடி சார் கண்டுபுடிப்பீங்க?" என்று மெல்ல வாயைக் கிளறினான்.

"அவன் மூஞ்சைப் பாக்கவே மாட்டேன். பக்கத்துல இருக்கிறவங்க கண்ணு எங்க போவுதுன்னு பாப்பேன்."

வகுப்பில் சக்கரபாணி கேட்டுக்கொண்டபடி விருத்தாசலம் அட்டெண்டன்ஸ் எடுத்தார். குனிந்த தலை நிமிரவில்லை. எண்ணைச் சொல்வதும் டிக் போடுவதுமாக வேகமாகப் போனார்.

"பதினேழு."

யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் பத்துப் பன்னிரண்டு தலைகள் தாமாகவே ஜன்னலோர பெஞ்சுப் பக்கம் திரும்பின. அங்கே மணிமாறன் என்ற மாணவன் கைகளால் முகத்தை மூடிக்கொண்டான்.

"பதினேழு பூவரசன் நம்பர்," என்றார் சக்கரபாணி. "வெள்ளிக்கிழமை காலையில ஒன்பதரைக்கு இங்க நோட்டுல இருக்கான். பத்தரைக்குத்தான் தாண்டவராயன் பஸ்ஸுல ஏறுறான். அவனுக்காக இங்க ஒரு குரல் இருக்குது. படகுலயும் அதே குரல்தான். உன்னைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னுதான் அவன் ஞாபகமில்லைங்கிறான், தம்பி."

"பழக்கத்துல சொல்லிட்டேன் சார்," மணிமாறன் அழுதான். "பின்னாடி தார்ப்பாய்கிட்ட உக்காந்துக்கினு இருப்பான்னு நெனைச்சேன். அப்புறம் பயமாயிடுச்சு."

விருத்தாசலத்துக்கு அவமானமாக இருந்தது. படகில் எடுத்த தாளைத் தேடி எடுத்தார். பதினேழின் டிக்கைக் குறுக்கே கோடிட்டு அடித்து, 'வரவில்லை, நான் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டு ஜெயத்திடம் கொடுத்தார்.

ஜெயம் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மணிமாறனிடம் போனாள்.

"அவனைப் போய்ப் பாத்தியா?"

அவன் இல்லையென்று தலையசைத்தான்.

"நான் விழுப்புரந்தான் போறேன். கெளம்பு."