கும்மாயத்தில் ஏழு சொட்டு

மிஷேல் சரிந்தான்.

கையிலிருந்த தண்ணீர் கிளாஸ் முதலில் விழுந்தது. அப்புறம் அவன். சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவே, டைல்ஸ் தரையில் மல்லாந்து கிடந்தான்.

ஆதப்பன் நாற்காலியை விட்டு எழவில்லை.

பகல் ஒன்றே கால். சைகோன் நகரத்தில் பதினோராவது மாடி ஃப்ளாட். கீழே மோட்டார் சைக்கிள்களின் இரைச்சல். மேலே... ஒரு கொலை!

ஐம்பத்திரண்டு வயதில் முதல் கொலை. பயம் வருமென்று நினைத்திருந்தார். வரவில்லை. சந்தோஷமாகக்கூட இருந்தது.

"சாவுடா," என்றார்.

காரணம்? சிகப்பி. அவருடைய மனைவி.

ஆதப்பன் மிளகு ஏற்றுமதி செய்பவர். மிஷேல் அந்த மூட்டைகளை டான் சோன் நாட் விமான நிலையத்தில் ஏற்றிவிடும் கார்கோ ஏஜெண்ட். பாண்டிச்சேரி வம்சம், பிறந்தது சைகோன், மனைவியை இழந்தவன். ஆதப்பனை பிரெஞ்சுக்காரன் மாதிரி 'முசியே' என்பான்; காரைக்குடிக்காரியான சிகப்பியை ஊர் வழக்கப்படி 'ஆச்சி' என்பான். தலை நிறைய முடி. அந்த முடிதான் ஆதப்பனுக்கு முதலில் பிடிக்காமல் போனது. கீமோதெரபி அவர் தலையை வழித்துத் துடைத்திருந்தது.

வயிற்றில் புற்றுநோய். நாலு கீமோ முடிந்துவிட்டது. ஐந்தாவது, வருகிற வியாழக்கிழமை.

முதல் இரண்டு கீமோவில் குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. பன்னிரண்டு கிலோ இறங்கினார். ஆறு வாரத்துக்கு முன்னால் திடீரென்று பசி எடுத்தது! சிகப்பி காலையும் மாலையும் கும்மாயம் கிண்டிக் கொடுத்தாள். உளுந்து மாவு, கருப்பட்டி, கை ஒட்டாத அளவுக்கு நெய். அது தங்கியது. பிறகு சோறும் தங்கியது.

அதே ஆறு வாரமாகத்தான் அவள் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு ஃபோன் பேசினாள். மிஷேலிடம்!

போன செவ்வாய்க்கிழமை அடுக்களைக் கதவிடுக்கில் பார்த்துவிட்டார். லேபிள் இல்லாத குட்டி பாட்டில். எண்ணி ஏழு சொட்டு. அவருடைய கிண்ணத்தில் மட்டும்.

ஸ்லோ பாய்சன். வேறென்ன? அன்றிலிருந்து தன் கிண்ணத்தை அவளுக்குத் தெரியாமல் வாஷ்பேசினில் கொட்டிவந்தார்.

அவரை அனுப்பிவிட்டு அந்த முடிக்காரனோடு குடித்தனம். ஆறு நாளாக அந்தக் குடித்தனத்தை மனசுக்குள் ஓட்டி ஓட்டிப் பார்த்து வெந்துகொண்டிருந்தார்.

இன்று காலை அவள் பென் தான் மார்க்கெட் பக்கத்து மாரியம்மன் கோயிலுக்குக் கிளம்பியதுமே ஃபோனை எடுத்துவிட்டார்.

"மிஷேல், வீட்டுக்கு வாங்க. சிகப்பி கும்மாயம் கிண்டி வச்சிருக்கா."

"ஆச்சி செஞ்சதா முசியே? இதோ வரேன்."

அந்தக் குழைவைக் கேட்டார். அடுக்களைக்குப் போய், பாட்டிலில் மிச்சமிருந்த அத்தனையையும் கும்மாயத்தில் கவிழ்த்தார்.

பன்னிரண்டு மணிக்கு மிஷேல் ஒரு கிண்ணத்தை வழித்து முடித்தான். ஒன்றும் ஆகவில்லை.

"இன்னொரு கிண்ணம்?"

"ஆச்சி கையால செஞ்சதை வேணாம்னு சொல்லுவனா? நீங்க சாப்பிடலையா?"

"எனக்குக் காலையிலயே ஆச்சு."

இரண்டாவது கிண்ணமும் காலி. அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு மணி நேரம் மழை, விமானத் தாமதம், மிளகு என்று பேசித் தொலைத்தான். ஆதப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

பிறகுதான், "வாய் காயுது முசியே... நெஞ்சு அடிச்சுக்குது..." என்றான்.

இப்போது கிடக்கிறான்.

ஆதப்பன் செல்ஃபோனை எடுத்தார்.

"சிகப்பி, வீட்டுக்கு வா. உன் ஆளு இங்க செத்துக் கெடக்கான்."

பைக் டாக்ஸியில் பதினைந்து நிமிடத்தில் வந்து சேர்ந்தாள். நெற்றியில் குங்குமம். தலைவிரிகோலமாக அழுவாள் என்று காத்திருந்தார். அவள் நேரே அடுக்களைக்குப் போனாள். காலி பாட்டிலோடு திரும்பி வந்தாள்.

"எத்தனை கிண்ணம் சாப்பிட்டாக?"

"ரெண்டு."

"எப்ப?"

"பன்னெண்டுக்கு."

தரையில் உட்கார்ந்து மிஷேலின் மணிக்கட்டைப் பிடித்தாள். ஆதப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவன் கையைக்கூட விட மனசில்லையா!

"நூத்தி இருபது," என்றாள்.

"என்னது?"

"நாடி. செத்தவுகளுக்கு இருக்காது. அந்தத் தலகாணியக் குடுங்க, காலைத் தூக்கி வைக்கணும்."

"விஷம் வச்சவ நீ. இப்ப வைத்தியமும் பாக்குறியா?"

"விஷமில்ல. கஞ்சா எண்ணெய்."

ஆதப்பன் காலி பாட்டிலைப் பிடுங்கி முகர்ந்து பார்த்தார்.

"கஞ்சாவா... எனக்கா?"

"உங்களைக் காட்ட பாங்காக் போனப்ப, அந்த டாக்டர் இந்தப் பேச்சை எடுத்ததுமே நீங்க எந்திரிச்சு வெளியே போயிட்டீக. நான் உக்காந்து முழுசாக் கேட்டேன். அதுல டி.எச்.சி.ன்னு ஒண்ணு இருக்காம். கீமோ குடுத்தா மூளையில வாந்தியைக் கிளப்புற எடம் முழிச்சுக்குமாம். இது அதை அமத்தும். பசியைக் கிளப்பிவிடும். நெய்யிலதான் நல்லாக் கரையும், அதான் கும்மாயம்."

"நோய் போயிருமா?"

"அதுக்குக் கீமோதான். கீமோவைத் தாங்குற தெம்புக்கு இது. கஞ்சான்னு சொல்லியிருந்தா நீங்க தொட்டிருப்பீகளா?"

"அப்ப இவன் ஏன் விழுந்தான்?"

"ஏழு சொட்டுக் குடுக்குறதை பாட்டிலோட குடுத்தா? சாப்பிட்ட உடனே தெரியாது. ஈரல் வழியாப் போயி இன்னும் காட்டமா மாறித்தான் தலைக்கு ஏறும். அதுக்கு ஒரு மணி, ரெண்டு மணி நேரம் ஆகும். நெஞ்சு படபடங்கும். வாய் காயும். ரத்த அழுத்தம் எறங்கிக் கண்ணை இருட்டும். செத்துருவோம்னு பயம் வரும், சந்தேகம் வரும்..."

"சந்தேகமா?" ஆதப்பன் கப்பென்று பிடித்துக்கொண்டார். "அப்ப என் சந்தேகத்துக்கு உன் மருந்துதான் காரணம்."

"மருந்துக்கு ஆறு வாரம். உங்க சந்தேகத்துக்கு இருபத்தி நாலு வருசம்."

மிஷேல் முனகினான். சிகப்பி மறுபடி நாடியைப் பிடித்தாள்.

"நூத்தி முப்பத்தி ரெண்டு."

"ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடேன்."

"இந்த ஊர்ல இது குத்தம். ரத்தத்தைச் சோதிச்சா போலீசு வரும். கொண்டு வந்த அவுக, கலந்த நான், கவுத்துன நீங்க, மூணு பேரும் உள்ள." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஆனா நூத்தி அம்பதைத் தொட்டுச்சுன்னா நான் யாரையும் கேக்க மாட்டேன். கூட்டிட்டுப் போயிருவேன்."

இவனுக்காக ஜெயிலுக்கும் போவாளாம்! ஆதப்பனின் வயிறு எரிந்தது. கூடவே பயமும் வந்தது. சிகப்பி ஜெயிலில் இருந்தால் வியாழக்கிழமை அவருக்குப் பக்கத்தில் யார் உட்காருவார்கள்?

நூற்று நாற்பது.

நூற்று நாற்பத்தாறு...

"செத்துராதடா," என்றார் ஆதப்பன். அன்று முதல் தடவையாக.

நூற்று நாற்பத்தாறிலேயே நின்றது. கால் மணி நேரம் அசையவில்லை. பிறகு நூற்று முப்பது. மூன்று மணிக்கு நூற்றுப் பத்து.

மூன்றரைக்கு மிஷேல் கண்ணைத் திறந்தான். இரண்டும் ரத்தச் சிவப்பு.

"ஆச்சி... நான் செத்துட்டனா?"

"இல்லைங்க."

"பசிக்குது."

பிணமாகக் கிடந்தவன் எழுந்து உட்கார்ந்து ஒரு பானைச் சோற்றைத் தயிர் விட்டுத் தின்றான். நாலு வாழைப்பழம் தின்றான். நடுநடுவே காரணமில்லாமல் சிரித்தான்.

ஆதப்பனால் பொறுக்க முடியவில்லை.

"மாட்டுனா வாழ்க்கையே போயிரும். எதுக்காக பாங்காக்ல இருந்து இதைக் கொண்டாந்த?"

"ஆச்சிக்காக முசியே."

"பாத்தியா," ஆதப்பன் துள்ளி எழுந்தார். "நான் சொன்னேன்ல."

"ஆமா," என்றாள் சிகப்பி. "அவுகளுக்கு எம்மேல ஆசை. எங்கிட்டயே சொன்னாக."

"நீ என்ன சொன்ன?"

"எனக்கு எங்க வீட்டுக்காரவுக பொழைக்கணும்னு சொன்னேன். மூணாம் நாளு பாட்டிலோட வந்து நின்னாக."

ஆதப்பன் உட்கார்ந்துவிட்டார். ஆறு வாரமாக அவர் வயிற்றில் தங்கிய ஒவ்வொரு வாய்ச் சோறும் இவன் போட்டதா! அயோக்கியனாக இருந்து தொலைத்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும். நல்லவனாக வேறு இருக்கிறானே என்று இன்னும் அதிகமாகப் பொறாமை வந்தது.

"வியாழக்கெழம கீமோ. பாட்டில் காலி," என்றாள் சிகப்பி. "இந்தத் தடவை நான் கேக்க மாட்டேன். கொல்லப் பாத்தவுகளே கேக்கட்டும்."

ஆதப்பன் நாற்காலியை மிஷேலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

"மிஷேல்..." ஆதப்பன் வாழைப்பழச் சீப்பை அவன் பக்கம் தள்ளினார். "நான் செஞ்சது தப்பு. மன்னிச்சுக்கங்க. இன்னொரு பாட்டில்... கெடைக்குமா?"

"புதன்கிழமை வந்துடும்."

"ஏன் இப்படிப் பண்றீங்க? நான் போய்ச் சேந்தா உங்களுக்கு நல்லதுதான?"

மிஷேல் ஐந்தாவது பழத்தை உரித்தபடி அவரை நிமிர்ந்து பார்த்தான்.

"என்னா முசியே நீங்க... நீங்க போயிட்டா ஆச்சி மறுநாளே காரைக்குடிக்கு டிக்கெட் போட்டுடுவாங்க. நீங்க இருக்கறவரைக்கும்தான் எனக்கு ஃபோன் வரும். தயவுசெஞ்சு நூறு வயசு இருங்க!"