உயிரோடு இருப்பதாகக் காட்டும் நாள்

குளியலறைத் தரை ஈரமாக இருந்தது. அவர் இன்னும் குளிக்கவில்லை.

குழாய் ஒழுகியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கதவைச் சாத்தினார். ஆனால் சாயங்கால வெயில் சரிந்து கிடந்த நடைவழியில், அடைத்த வீட்டின் புழுக்கத்தையும் மீறி, மனைவி பூசும் முகப்பவுடரின் வாசனை படுக்கையறை வரைக்கும் அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

இன்று உயிரோடு இருப்பதாகக் காட்டும் நாள். பென்ஷன் வாங்குகிறவர் வருடத்துக்கு ஒருமுறை வீடியோவில் அதிகாரிக்கு முகம் காட்ட வேண்டும். பென்ஷன் நின்றால் இந்த நாட்டில் தங்கும் விசாவும் போய்விடும். இரண்டுமே மனைவியின் பெயரில். ஆஸ்பத்திரி வார்டில் நின்று நின்று கால் வீங்கிய நர்ஸ் அவள். இவர் அந்த விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவர். அதிகாரம் மட்டும் இவருடையது.

"உயிரோட இருக்கேன்னு காட்டுறதை லட்சணமாக் காட்ட வேணாமா?" என்று சிரித்தபடி, அந்த நாளில் சாயங்காலமும் ஒருமுறை குளித்துப் பவுடர் பூசி உட்காருவாள்.

வந்த நாள் முதல் அவளுக்கு இந்த ஊர் ஒட்டவில்லை. மகளிடமே திரும்பிப் போகிறேன் என்றாள். பாஸ்போர்ட்டை ஒளித்தார். ஒருநாள் நெஞ்சு வலிக்கிறது, போனைக் கொடுங்கள் என்று கெஞ்சினாள். மகளைக் கூப்பிடத்தான் நடிக்கிறாள் என்று வெளியே தாழ்ப்பாள் போட்டார். சத்தம் அடங்கிய பிறகுதான் திறந்தார். காதும் காதும் வைத்தாற்போல் தோட்டத்தில் புதைத்தார். பாவி மனுஷன், அழக்கூட இல்லை.

கட்டிலில் தலையணைகளை அடுக்கிப் போர்வை போர்த்தித் தயாராக வைத்திருந்தார். போன் அடித்தது.

"சார், அம்மா எங்கே?" என்றாள் அதிகாரி.

"காய்ச்சல்மா. அசந்து தூங்குறா." கேமராவைக் கட்டில் பக்கம் திருப்பினார்.

"தூங்குறாங்களா? இதோ உக்காந்திருக்காங்களே! வணக்கம்மா, போன வருஷத்தை விடத் தெளிவா இருக்கீங்க."

கட்டிலைப் பார்த்தார். போர்வை, தலையணை, அவ்வளவுதான். திரையைப் பார்த்தார். அதே கட்டில். விளிம்பில் அவள். ஈரத் தலை. முகத்தில் பவுடர். பவுடருக்கு அடியில் மண்.

"எனக்கொண்ணும் இல்லம்மா." குரல் திரையிலிருந்து வரவில்லை. கட்டிலிலிருந்து வந்தது. "அவருக்குத்தான் நெஞ்சு வலி."

சொன்ன மாத்திரத்தில் வலித்தது. இடது பக்கம். விரல்கள் தளர்ந்தன. போன் கீழே விழவில்லை. யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

"ஐயோ! டாக்டரைக் கூப்பிட்டீங்களாம்மா?"

"நடிக்கிறார்மா. எனக்குத் தெரியாதா இவரை?"

அதிகாரி சிரித்தாள். அவளும் சிரித்தாள். அவர் கட்டிலில் சரிந்தார். கத்த வாய் திறந்தார். முனகல்தான் வந்தது. போர்வை தானாகக் கழுத்துவரை ஏறியது. போனின் வெளிச்சம் ஒரு பெண்ணின் காது உயரத்தில், நிதானமாக, அறையைத் தாண்டிப் போனது.

"சரிம்மா, நான் மகளைக் கூப்பிடணும். ஊருக்குக் கிளம்பறேன்."

கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. கதவுக்கு அந்தப் பக்கமே நின்று, அவர் சத்தம் அடங்கட்டும் என்று அவள் காத்திருந்தாள்.