எந்தப் பக்கம் பூ

டணார் என்ற சத்தத்தில் கெங்கம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். மருமகள் காஞ்சனா விட்டெறிந்த நீல அட்டை நோட்டு, பித்தளைக் குடத்தில் மோதித் தறிக்குழிக்குள் விழுந்து கிடந்தது.

"காலங்காத்தால என்னாடி இது?"

"உன் புள்ளையக் கேளு அத்தை. யாரு அந்த அம்சான்னு கேளு."

துளசிங்கம் மெட்ராஸ் டி.வி.யில் நாடகப் பிரிவில் தற்காலிக உதவியாளனாகச் சேர்ந்து எட்டு மாதம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் திருத்தணிக்கு வந்துவிடுவான். அவன் சட்டையைத் துவைக்க எடுத்தபோதுதான் பைக்குள் அந்த நோட்டு அகப்பட்டது. பக்கம் பக்கமாக ஒரே பெண். 'அம்சா. இடது கையில் கண்ணாடி வளையல் ஆறு. பொட்டு கொஞ்சம் கீழே. மல்லிகை வலப்பக்கம். நெற்றியில் ஒற்றை முடி.'

அந்த ஒற்றை முடியைத்தான் காஞ்சனாவால் தாங்க முடியவில்லை. வளையலை யார் வேண்டுமானாலும் எண்ணலாம். நெற்றியில் விழுந்த முடியைப் பார்க்க எவ்வளவு கிட்டே நிற்க வேண்டும்...

அவன் இந்த வேலைக்காக அலைந்த இரண்டு வருடமும் வீட்டுத் தறியில் உட்கார்ந்தவள் அவள். லுங்கி நெய்து நெய்து இடுப்பு விட்டுப்போனது. அவன் வேலையில் சேர ரயிலேறிய அன்று, வேலை நிரந்தரமாகும்வரை பூ வைப்பதில்லை என்று மலைமேல் முருகனிடம் வேண்டிக்கொண்டாள். சொன்னால் பலிக்காதென்று யாரிடமும் சொல்லவில்லை. "புருசன் இருக்கறவ இப்படியா வெறுந்தலையா நிப்பா?" என்று மாமியார் திட்டியதையெல்லாம் வாங்கிக்கொண்டாள். இங்கே இவள் பூவை விட்டாள். அங்கே அவன் எவள் தலைப் பூவையோ பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறான்.

துணிப்பையோடு வாசலுக்கு வந்தாள். துளசிங்கம் தெருவைப் பார்த்து உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

"நான் பள்ளிப்பட்டு பஸ்ஸுக்குப் போறேன் பாவா. எங்க நைனா எனக்குச் சோறு போடுவாரு. நீ அம்சாவுக்கு வளையல் எண்ணிக்கினு இரு."

"அய்ய, அது வேலை காஞ்சனா. அம்சா நாடகத்துல வர்ற பொண்ணு. ஒரே சீனை இன்னிக்குப் பாதி, நாளைக்குப் பாதி எடுப்பாங்க. நேத்து ஆறு வளையல்னா இன்னிக்கும் ஆறு இருக்கணும். மாறிச்சின்னா என்னைத்தான் திட்டுவாங்க."

"பொம்பளை வளையலை எண்றதுக்கா மெட்ராஸுக்குப் போன?" என்றாள் கெங்கம்மாள்.

"ஊரான் ஊட்டுப் பொம்பளைக்குப் பொட்டு எங்க இருக்குதுன்னு தெரியுது. ஆறு வருசமா உன்னோட குடும்பம் நடத்துறவள என்னிக்காச்சும் பாத்தியா?" காஞ்சனாவின் குரல் உடைந்தது. அவன் எழப் போனான்.

"திரும்பாத. அப்படியே சொல்லு. இன்னிக்கு எனக்கு எந்தப் பக்கம் பூ?"

கெங்கம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். காஞ்சனா கைகாட்டி அடக்கினாள். இடம் என்றோ வலம் என்றோ அவன் சொல்லட்டும். ஒரு வார்த்தை போதும், பஸ் ஏறிவிடலாம்.

துளசிங்கம் சொம்பைக் கீழே வைத்தான். திரும்பவில்லை.

"நீ எங்க பூ வெச்ச? நான் ரயிலேறின அன்னில இருந்து உன் தலையில பூ இல்ல. என் மேல கோவம்னு நெனச்சி, கேட்டா அழுவியோன்னு, வாரா வாரம் கேக்காமயே திரும்பிப் போயிக்கினு இருக்கேன்."