நனையாத பட்டு

மேம்பாலப் படிக்கட்டின் அடியில் ஜெயக்குமார் செத்துக் கிடந்தான்.

ஷூ கழலவில்லை. கழுத்து மட்டும் திரும்பியிருந்தது. மழை அவனை நனைத்துக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் ரேணுகாதேவி குனிந்து பார்த்து நிமிர்ந்தாள். இடுப்பு வலித்தது. செத்தவர்கள் பரவாயில்லை... இனி உயிரோடிருப்பவர்கள் பேசுவதைக் கேட்க வேண்டும்.

ஆரணிக்காரர்கள் ரயிலேறும் களம்பூர் ஸ்டேஷன். எதிர்ப்பக்கம் டிக்கெட் கவுண்டர், முதல் பிளாட்பாரம். இந்தப் பக்கம் இரண்டாவது. நடுவில் கூரையில்லாத பாலம்.

இரண்டாவதில் கூரை ஒரே ஒரு பெஞ்சுக்குத்தான். அதன்மேல் ஒரு பட்டுப்புடவை மூட்டை. மேல்துணியில் சேறு. பெஞ்சுக்கடியில் ஓர் ஆண் செருப்பு ஜோடி.

பாலம் ஏறி இறங்கினாள். கவுண்டர் அருகே செத்தவனின் மனைவி சுபலட்சுமி சுருண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இவதான் தள்ளுனா மேடம்," என்றான் தனகோடி. செத்தவனின் அண்ணன். "இங்கயே சண்ட போட்டுகினு இருந்தா. பின்னாலயே பாலம் ஏறுனா. பார்த்துகினுதான் இருந்தேன்."

"நீங்க அந்தப் பக்கம் போகலியா?"

"கால்கூட வைக்கல."

சுபலட்சுமி தலை நிமிர்ந்தாள். "நான் வண்டி ஸ்டாண்டுல இருந்தேங்க. அண்ணனோட தறிய விட்டுட்டு தனியா கடை வைக்கிறேன்னு சாம்பிள் பொடவ எடுத்துகினு திருப்பதி கிளம்புனாரு. உங்க அண்ணன்கிட்ட சொல்லிட்டுப் போங்கன்னேன். அதான் சண்ட."

கான்ஸ்டபிள் வெற்றிச்செல்வன் கிசுகிசுத்தான். "இந்தம்மாவ ஏத்திடலாமா மேடம்? ஜல்தி முடிச்சா சாப்பாட்டுக்குப் போயிடலாம்."

ரேணுகாதேவிக்கும் ஆசைதான். 'சரி' என்றால் போதும். இந்தப் பெண்ணின் மிச்ச ஆயுசு ஜெயிலில் போய்விடும்.

அலுப்போடு தலை குனிந்தவள் தனகோடியின் கால்களைப் பார்த்தாள்.

வெறுங்கால்!

"செருப்பு எங்க?"

"அறுந்துடுச்சு மேடம். தூக்கிப் போட்டுட்டேன்."

"வெற்றி, அந்த பெஞ்ச்ல இருக்கற மூட்டையையும் கீழ இருக்கற செருப்பையும் எடுத்துகினு வா."

இரண்டும் குடைக்கடியில் வந்தன. செருப்பு அறுந்திருக்கவில்லை.

"போடுங்க."

தனகோடி அசையவில்லை.

"உருண்டு விழறவன் மூட்டைய பெஞ்ச்ல வச்சுட்டா விழுவான்? என் கல்யாணத்துக்குப் பொடவ எடுக்கப் போனப்ப, செருப்புக் காலோட பட்ட தொடாதேன்னு உங்க நெசவுத் தெருவுல ஒரு அம்மா என்ன அதட்டுச்சு. தம்பிய தள்ளிட்டீங்க. மூட்ட சேத்துல கிடக்கறத மட்டும் மனசு பொறுக்கல. செருப்ப கழட்டிட்டு எடுத்து பத்திரமா வச்சீங்க. யாரோ வர்ற சத்தம்... ஓடிட்டீங்க."

அவன் மூட்டையின் மேல்துணிச் சேற்றைக் கையால் துடைத்தான்.

"முகூர்த்தப் பட்டு மேடம்... எங்க தறியில நெய்ஞ்சது. நனைஞ்சா சாயம் போயிடும்."

"தம்பி நனைஞ்சுகினு கிடக்காரே?"

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அந்த மூட்டையைப் போல தன்னை யாராவது இத்தனை பத்திரமாக ஓரிடத்தில் உட்கார வைத்தது எப்போது என்றுதான் யோசித்தாள்.

"இவர ஜீப்ல ஏத்து, வெற்றி."

"செருப்பு மேடம்?"

"போட்டுக்கச் சொல்லு. ஜீப்ல பட்டு எதுவும் இல்ல."